தண்ணீர் எவ்வளவு தூரம் நகர்ந்தது? எம்.ஆர்.ஐ. அனுபவங்கள்

எம்.ஆர்.ஐ. அறையில் டெக்னீஷியனாகப் 11 வருடம் ஓடிவிட்டது. மறக்காத ஒரு ராத்திரியைச் சொல்கிறேன். உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்.

மணி இரண்டரை இருக்கும். ஐம்பது வயதுக்காரர். வலது கையைத் தூக்க வரவில்லை, பேச்சு குழறுகிறது. சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை, படம் சுத்தம். "அப்ப ஒண்ணுமில்லைன்னுதானே சார் அர்த்தம்?" என்று மனைவி கேட்டார். "டாக்டர் சொல்வாரம்மா" என்று நழுவினேன். வேறென்ன சொல்ல முடியும்?

முதலில் டிஃப்யூஷன் ஓட்டினேன், அதாவது திசுவில் தண்ணீர் நகர்வதைப் பார்க்கும் ஸ்கேன். மூளையின் இடது பக்கம் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பளீரென்று வெள்ளை. அந்த நகர்வின் அளவைக் கணக்கிட்டுக் காட்டும் ஏ.டி.சி. படத்தில் அதே இடம் கறுப்பு. இரண்டும் பொருந்தினால் புது ஸ்ட்ரோக். கறுப்பு இல்லாமல் வெள்ளை மட்டும் தெரிந்தால் பழைய புண்ணாகவும் இருக்கலாம், ஏமாந்துவிடக் கூடாது.

படத்தில் ஒரு புள்ளி 2 மில்லிமீட்டர். செல்லோ அதில் சில நூறில் ஒரு பங்குதான் இருக்கும். அப்படியென்றால் மெஷின் செல்லைப் பார்க்கவே இல்லை, தண்ணீரை வேவு பார்க்கிறது. முதல் கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் அளவு மாறும் காந்தப்புலத் துடிப்பு) தண்ணீருக்கு அடையாளம் போடும், இரண்டாவது அதை அழிக்கும். நின்ற இடத்திலேயே நின்ற தண்ணீருக்குச் சரியாக அழியும். நகர்ந்துவிட்டதற்கு அழியாது, சிக்னல் குறையும். 1965-இல் ஸ்டெஸ்கலும் டானரும் போட்ட வழி இது. உடல் சூட்டில் தடையில்லாத தண்ணீர் 50 மில்லிவிநாடியில் ஒரு திசையில் ஏறக்குறைய 17 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகரும். ரத்தம் நின்றால் செல்லின் பம்ப் நின்று, தண்ணீர் உள்ளே ஏறிச் செல் வீங்கிவிடும். நகர இடமில்லை, அதனால்தான் வெள்ளை. 1990-இல் மோஸ்லி குழுவினர் பூனைகளிடம், ரத்தம் நின்ற கொஞ்ச நேரத்திலேயே இதைப் பார்த்துக் காட்டினார்கள்.

மறுமொழி 1

நான் இயற்பியல் மாணவி. நரம்பிழைகளின் திசை காட்டும் முறையைச் சரிபார்க்க ஆஸ்பராகஸ் தண்டை வைப்பார்கள் என்று படித்திருந்தேன். கையில் கிடைத்தது கீரைத்தண்டு. நாலு துண்டு நறுக்கி, ஒரு டப்பா தண்ணீரில் போட்டு, எம்.ஆர்.ஐ.யில் தலையின் சிக்னலைப் பிடிக்கும் காயிலுக்குள் வைத்தோம். படம் கோணல்மாணலாக வந்தது. தண்டின் மேலெல்லாம் காற்றுக்குமிழி! டப்பாவைத் தட்டித் தட்டிக் குமிழியை விரட்டியதில் அரைமணி போனது.

அப்புறம் வந்தது பாருங்கள். படத்தில் திசைக்கு ஒரு நிறம்: டேபிளின் நீளவாக்கில் கிடந்த தண்டு நீலம், குறுக்கே போட்டது சிவப்பு. தண்டின் குழாய்களில் தண்ணீர் நீளவாக்கில் தாராளமாக நகரும், பக்கவாட்டில் சுவர் தடுக்கும். 1994-இல் பாஸர், மாட்டியெல்லோ, லெ பிஹான் மூவரும் கொண்டுவந்த டென்சர் கணக்கு (திசைக்குத் திசை நகர்வை அளப்பது) அந்த வித்தியாசத்தைத்தான் பிடிக்கிறது. சோதனை முடிந்ததும் கீரையைப் பொரியல் செய்யலாமா என்று ஒருத்தி கேட்டாள். குப்பையில்தான் போட்டோம்.

மறுமொழி 2

நம்ம பக்கம் நோயாளி எல்லாம் பாறைதான். எண்ணெய்க் கிணற்றிலிருந்து வந்த மணற்கல்லை உப்புத்தண்ணீரில் ஊறவைத்து, எம்.ஆர்.ஐ.யின் அதே தத்துவத்தில் ஓடும் 2 மெகாஹெர்ட்ஸ் கருவியில் டி2, அதாவது சிக்னல் அணைய ஆகும் நேரத்தை, எடுப்போம். துளை சின்னதென்றால் தண்ணீர் சுவரில் அடிக்கடி மோதும், சிக்னல் சீக்கிரம் அணையும். மணற்கல்லுக்கு வழக்கமாக 33 மில்லிவிநாடியைக் கோடாக வைப்போம். அதற்குக் கீழே கல்லோடு ஒட்டிய நீர், மேலே ஓடக்கூடிய நீர்.

சேர்ந்த புதிதில் 1000 மில்லிவிநாடியைத் தாண்டி வரைபடத்தில் ஒரு கூம்பு வந்தது. பெரிய துளை கிடைத்துவிட்டது என்று குதித்தேன். "தம்பி, அது பாறைக்குள்ள இருக்கிற தண்ணி இல்ல, நீ துடைக்காம விட்டது" என்றார் சீனியர். மறுநாள் அழுத்தித் துடைத்தேன். பெரிய துளையில் இருந்ததையும் துணி குடித்துவிட்டது. இப்போதெல்லாம் ஈரத்துணிதான்.

தொடங்கியவர்

அந்த நோயாளி என்ன ஆனார் என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தீர்கள். நேரத்துக்குள் வந்திருந்ததால் ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட்டார்கள். வார்டுக்கு ஏற்றியதோடு சரி, எங்கள் அறைக்கு அவர் மறுபடி வரவில்லை.