ஊர்ப் பிள்ளைகளுக்காக ரெண்டு லட்சம் இருக்கிறது: பூங்காவா, டிவியா, வேறு ஏதாவதா?

நாலாம்வார்டு (புதுக்கோட்டை மாவட்டம், ஜூலை 2024)

எல்லாருக்கும் வணக்கம். நான் எங்கள் ஊராட்சியில் நாலாம் வார்டு உறுப்பினர். வானம் பார்த்த பூமி, கடலையும் கொஞ்சம் நெல்லும்தான் விவசாயம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்த் தம்பிகள் சேர்ந்து ரெண்டு லட்சம் ரூபாய் திரட்டிக் கொடுத்திருக்கிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்குத்தான் செலவழிக்க வேண்டும், கோயில் கொடைக்குத் தொடக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை.

இளைஞர் மன்றம் அங்கன்வாடிக்குப் பக்கத்துப் புறம்போக்கில் ஊஞ்சல், சறுக்கு எல்லாம் வைத்துப் பூங்கா கேட்கிறது. இன்னொரு கோஷ்டி அங்கன்வாடிக்குப் பெரிய டிவி, சுவரில் கார்ட்டூன் படம் என்கிறது. ஆகஸ்ட் 15 கிராம சபையில் முடிவு சொல்லியாக வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறு. அங்கன்வாடியில் எடை பார்க்கும் அன்று சும்மா எட்டிப் பார்த்தேன். ஒன்றரை வயதுப் பெண் குழந்தை, ஏழரைக் கிலோ. டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அப்பத்தா, "எங்க வம்சமே ஒல்லிதான் டீச்சர்" என்று பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்படி இன்னும் நாலைந்து பிள்ளைகள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். இந்தப் பணத்தை எதில் போட்டால் பிள்ளைகள் உடம்பில் தெரியும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கம்பிவேலி

தகரச் சறுக்கு மட்டும் வேண்டாம். எங்கள் ஊரில் வைத்தார்கள், பத்து மணிக்கு மேல் தோசைக்கல். ஊஞ்சல் சங்கிலி அறுந்து அப்படியே கிடக்கிறது, பராமரிக்க ஆள் இல்லை. பணம் கொடுத்தவர்கள் பெயர்ப்பலகை மட்டும் நன்றாக இருக்கிறது. உங்கள் அங்கன்வாடியில் சின்னப் பிள்ளை உட்காரும் அளவுக்குக் கக்கூஸ், கைகழுவ எட்டும் உயரத்தில் குழாய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அதற்கு ரெண்டு லட்சம் ஆகாது.

கொட்டாம்பட்டிக்காரி

அம்மாடி, ரெண்டு லட்சத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஏழரைக் கிலோவைப் பற்றி யோசிக்கிறாய் பார், அதற்காகவே உட்கார்ந்து எழுதுகிறேன். கண்ணாடி போட்டுத் தட்டுகிறேன், எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நான் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்து, கடைசியில் அங்கன்வாடிப் பணியாளராக ஓய்வு பெற்றவள். உலக வங்கிக் கடனில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை 1980-இல் முதன்முதலாக எங்கள் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில்தான் தொடங்கிப் பார்த்தார்கள். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். கொண்டுவந்த சத்துணவை எல்லாருக்கும் தெரியும், எங்கள் திட்டத்தை யாருக்கும் தெரியாது. சத்துணவுக்கு ரெண்டு வயது ஆக வேண்டும். எங்கள் கணக்கு ஆறு மாதத்தில் தொடங்கி முப்பத்தாறு மாதத்தில் முடியும். தானாக நடந்து வந்து தட்டை நீட்டத் தெரியாத பிள்ளைகளுக்கான திட்டம் அது.

மாதாமாதம் தொங்குதராசில் எடை போடுவோம். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் தொண்ணூறு நாள் சத்துருண்டை. தேறிவிட்டால் நிறுத்திவிடுவோம். "அவ பிள்ளைக்கு உண்டு, எம் பிள்ளைக்கு இல்லையா?" என்று வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றியவர்கள் உண்டு. "உன் பிள்ளை தேறிடுச்சுடி, அதான் இல்லை" என்று, மாதாமாதம் எடையைக் குறித்துக் கோடு இழுத்த அட்டையை நீட்டிக் காட்டுவேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள்கூட அந்தக் கோட்டைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

இப்போது உன் அப்பத்தா கதைக்கு வருகிறேன். பிறந்த எடை ஐந்தாறு மாதத்தில் ரெண்டு மடங்கு, ஒரு வயதில் மூணு மடங்கு ஆக வேண்டும். ஒல்லி வம்சத்துப் பிள்ளையின் கோடு கொஞ்சம் கீழே இருக்கும், ஆனால் அதுவும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ரெண்டு மூணு மாதமாகக் கோடு படுத்தே கிடந்தால் அது வம்சம் இல்லை. சாப்பாடு போதவில்லை, இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கோ சளியோ மாற்றி மாற்றி வந்து தின்றுவிடுகிறது. ஆகவே ஏழரைக் கிலோ என்ற ஒரு எண்ணை வைத்துப் பதறாதே. போன மாதம் என்ன, அதற்கு முந்தின மாதம் என்ன என்று அந்த டீச்சரிடம் கேள்.

பிள்ளை இளைக்கும் காலம் பெரும்பாலும் ஆறாம் மாதத்துக்கும் ரெண்டு வயதுக்கும் நடுவில். அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கும் மூணு வயதுப் பிள்ளைக்குத் திங்கள், புதன், வியாழன் முட்டை இருக்கிறது, செவ்வாய் பயறு இருக்கிறது, வெள்ளி உருளைக்கிழங்கு இருக்கிறது. பூங்கா கட்டினால் விளையாடப் போவதும், டிவி வைத்தால் பார்க்கப் போவதும் அந்தப் பிள்ளைதான். வீட்டில் அப்பத்தா இடுப்பில் இருப்பதற்கு என்ன இருக்கிறது? பெரும்பாலும் சத்துமாவுப் பாக்கெட்தான். அது வீட்டுக்குப் போனதும் கொழுக்கட்டையாகி மூத்ததுகள், பாட்டி, வந்த விருந்தாளி வரைக்கும் போய்ச் சேரும். யாரையும் குறை சொல்லவில்லை, பங்கு போட்டுச் சாப்பிடுவதுதானே நம் வழக்கம்.

அம்மாக்காரி காலையில் ஒரு தடவை ஊட்டிவிட்டு வேலைக்குப் போவாள். மதியம் கிழவி ரசஞ்சோற்றைத் தண்ணியாகக் கரைத்து ரெண்டு வாய். நடுவில் அழுதால் வரக்காப்பியில் நனைத்த பிஸ்கட். பிள்ளை வயிறு சின்னது, ஒரே நேரத்தில் நிறையப் பிடிக்காது. ஒன்பது மாதம் ஆகிவிட்டால் ஒரு நாளைக்கு மூணு நாலு வேளை ஊட்ட வேண்டும், நடுவில் தின்ன ஏதாவது, தாய்ப்பால் தனி. கஞ்சி கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத பதத்தில் இருக்க வேண்டும். அதில் ஒரு தேக்கரண்டி எண்ணெய். உங்கள் காட்டிலேயே கடலை விளைகிறது, வறுத்துப் பொடித்துப் போடுங்கள். முழுக் கடலை கொடுத்துவிடாதே, புரையேறிவிடும்.

இதற்கெல்லாம் வேண்டியது பகலில் ஒரு ஆள். உன் பணத்தை ஆளுக்குப் போடு என்பேன். தெருவில் எல்லாரும் நம்பிப் பிள்ளையைக் கொடுக்கக்கூடிய ஒரு பெண்ணுக்கு மாதம் ஆறாயிரம், முட்டை, எண்ணெய், கடலைக்கு நாலாயிரம். ரெண்டு லட்சம் இருபது மாதம் ஓடும். ரெண்டு வயதுக்குக் கீழே ஏழெட்டுப் பிள்ளைகள், காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை. அவள் வேலை மூணு வேளை ஊட்டுவது, கைகழுவிவிடுவது, தூங்கவைப்பது. வேறொன்றும் வேண்டாம்.

ஆரம்பசுகாதாரம்

செவிலியர் நான். அம்மா சொன்னதில் ஒட்டுவதற்கு என்னிடம் கொஞ்சம் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மேற்கைச் சுற்றளவை நிறம் போட்ட நாடாவால் அளந்து பாருங்கள். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் சிவப்பு, 12.5 வரை மஞ்சள். சிவப்பு என்றால் ஊரில் வைத்து முட்டை கொடுத்துப் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள், உடனே சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவாருங்கள். ரெண்டு பாதமும் வீங்கியிருந்தாலோ, பிள்ளை எதையுமே சாப்பிட மறுத்தாலோ மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவரும். 2022-இல் ஊட்டியில் தொடங்கிய ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தில் கடும் எடைக்குறைவுப் பிள்ளைகளுக்கென்று தனி உணவே தருகிறார்கள்.

ஒல்லியாகத் தெரியாத பிள்ளையையும் விட்டுவிடாதீர்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்து சிரப் வாரம் ரெண்டு தடவை, ஒரு மில்லி. பாட்டிலை வாங்கிப் போகிறார்கள், மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து பரணில் போட்டுவிடுகிறார்கள். கறுப்பாகத்தான் போகும், பயப்பட ஒன்றுமில்லை. அப்புறம், வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலோடு துத்தநாக மாத்திரை பதினாலு நாள். போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

டப்பாவில் வரும் ஊட்டச்சத்துப் பவுடருக்குத் தயவுசெய்து இந்தப் பணத்தில் ஒரு ரூபாய்கூடப் போடாதீர்கள்.

ரெண்டுபிள்ளைக்காரன்

எல்லாம் சரிதான், ஆனால் எடை எடை என்றே பேசுகிறோம். என் மகனுக்கு எடையெல்லாம் ஒழுங்காக இருந்தது, ரெண்டரை வயது வரை பேச்சு வரவில்லை. நாங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போக, கையில் போன் கொடுத்து வளர்ந்த பிள்ளை. பூங்காவைக் கேலி செய்யாதீர்கள். நாலு பிள்ளைகள் கூடும் இடம் என்று ஒன்று வேண்டும்.

கொட்டாம்பட்டிக்காரி

தம்பி, நீங்கள் சொல்வது நிஜம். ஆனால் பிள்ளைகள் கூடுவதற்கு இரும்பு எதற்கு? ஒரு வண்டி ஆற்று மணல், ஒரு வேப்பமர நிழல், கூடப் பேசிக்கொண்டே இருக்கும் ஒரு பெண், இது போதும். பகலில் ஏழெட்டுப் பிள்ளைகளோடு இருந்து, கதை சொல்லி, "காக்கா எங்கே" என்று காட்டி ஊட்டினால் சோறும் இறங்கும், பேச்சும் வரும். பேச்சு வராத பிள்ளையை வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடம் காட்டச் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலைதான்.

நாலாம்வார்டு

அம்மா, படித்துவிட்டு ராத்திரியே அந்த டீச்சருக்குப் போன் போட்டேன். அந்தக் குழந்தை வைகாசியிலும் ஏழரைதான், சித்திரையிலும் ஏழரைதானாம்.

இருபது மாதம் கழித்து என்ன செய்வது? அது ஒன்று. இளைஞர் மன்றத்துப் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள், அது இன்னொன்று. சிங்கப்பூர்த் தம்பிகளுக்கு போட்டோ அனுப்ப ஒன்றுமே இருக்காதே என்கிறார்கள்.

கொட்டாம்பட்டிக்காரி

அப்படியானால் அந்தப் பிள்ளையை நாளைக்கே சுகாதார நிலையத்தில் காட்டு. கிராம சபை வரைக்கும் வைத்திருக்காதே. அப்பத்தாவையும் கூட்டிக்கொண்டு போ. அவரை விட்டுவிட்டுப் போனால் வீட்டுக்கு வந்ததும் பழைய ரசஞ்சோறுதான்.

இருபது மாதத்துக்கு அப்புறம் என்ன என்பது நல்ல கேள்வி. நூறு நாள் வேலைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு, இப்போதும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பார். வேலைத்தளத்துக்கு வரும் பெண்களோடு சின்னப் பிள்ளைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ இருந்தால், அந்தப் பெண்களில் ஒருத்தியைப் பிள்ளை பார்க்க விட வேண்டும், அவளுக்கும் அதே கூலி. எத்தனை ஊரில் நடக்கிறது என்று என்னைக் கேட்காதே. நீ வார்டு உறுப்பினர், தீர்மானத்தில் எழுதச் சொல்லிக் கேட்கலாம். வேலை நடக்கும் நாட்களில் அந்தக் கூலி வந்துவிட்டால் உன் ஆறாயிரம் மிச்சம், இருபது மாதம் இன்னும் நீளும். மீதிக்கு மகளிர் குழுவைக் கேட்டுப் பார். பிள்ளையை விடும் அம்மாவிடம் மாதம் நூறு இருநூறு வாங்குவதிலும் தப்பில்லை, காசு கொடுத்தால்தான் "இன்னிக்கு என்ன ஊட்டினீங்க?" என்று அதட்டிக் கேட்பாள்.

பையன்களுக்கு வேலை கொடுத்துவிடு, கோபம் போய்விடும். தராசு சரியாகக் காட்டுகிறதா என்று மாதாமாதம் பார்க்கச் சொல். ஒரு கிலோ உப்புப் பாக்கெட் ரெண்டை வைத்தால் ரெண்டு கிலோ காட்ட வேண்டும். எத்தனை ஊரில் கெட்ட தராசில் பிள்ளையை எடை போட்டு அப்பனும் ஆத்தாளும் சண்டை போட்டிருக்கிறார்கள் தெரியுமா! உயரம் அளக்கவும் ரெண்டு பேர் வேண்டும். ரெண்டு வயதுக்குக் கீழே என்றால் பலகையில் படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும், ஒருவர் தலையைப் பிடிக்க, ஒருவர் முழங்காலை அமுக்க. நிற்கவைத்து அளந்தால் முக்கால் சென்டிமீட்டர் போல் குறைவாகக் காட்டும்.

போட்டோவுக்குப் பதிலாகக் கணக்கு அனுப்பு. எத்தனை பிள்ளை வந்தது, எத்தனை பிள்ளைக்கு இந்த மாதம் எடை ஏறியது, எத்தனை பேருக்கு ஏறவில்லை, முட்டைக்கு எவ்வளவு. அதையே அட்டையில் எழுதி அங்கன்வாடிச் சுவரில் ஒட்டு, கார்ட்டூன் படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். பிள்ளை பெயர் மட்டும் போடாதே. நாளைக்கு எவளாவது குழாயடியில் வைத்து "உன் பிள்ளைதானே அந்தச் சிவப்பு?" என்று கேட்டுவிட்டால் அப்புறம் அந்தத் தாய் எடை போடக் கூட்டிக்கொண்டே வரமாட்டாள்.