உபுண்டுவில் பேக்கேஜ் கிடைக்காமல் போன அனுபவங்கள்

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 24.04 வெளியீட்டுக்கு மாறியவர்களில் பலருக்கு, வேண்டிய பேக்கேஜ் (நிறுவக்கூடிய மென்பொருள் தொகுப்பு) கிடைக்காத சிக்கல் வந்திருக்கும். இணையதளங்களைத் தானாகச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று எங்களிடம் உண்டு. 22.04-இல் ஒழுங்காக ஓடியது, புது மெஷினில் லிப்ஏசவுண்ட்2 என்ற ஒலி லைப்ரரியின் பேக்கேஜில் வந்து நின்றுவிட்டது. 'நோ இன்ஸ்டலேஷன் கேண்டிடேட்' என்று பதில். உடன் வேலை பார்க்கும் தம்பி ஒருவர், 22.04-இன் டெப் கோப்பை (பேக்கேஜ் கோப்பு) இறக்கி, டிபிகேஜி என்ற நிறுவும் கருவியில் போட்டுவிடலாம் என்றார். வேண்டாம் என்றேன். ஒரு வெளியீட்டின் லைப்ரரியை இன்னொன்றில் திணித்தால், அடுத்த அப்கிரேடில்தான் சிக்கல் தெரியும்.

பிழைச் செய்தியின் வாசகத்தை முதலில் பாருங்கள். 'அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்' என்றால் பேக்கேஜ்களைத் தேடி நிறுவும் கருவியான ஆப்ட்டின் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. 'நோ இன்ஸ்டலேஷன் கேண்டிடேட்' என்றால் பெயர் அதற்குத் தெரியும், நிறுவத்தான் எதுவும் இல்லை. இரண்டுக்கும் தேட வேண்டிய இடம் வேறு வேறு. எங்களுக்கு விடை அதே செய்தியின் மேல் வரிகளில் இருந்தது: இது வெர்ச்சுவல் பேக்கேஜ் (வேறு பேக்கேஜ்கள் நிறைவேற்றும் வெறும் பெயர்), இதைத் தருபவை லிப்ஏசவுண்ட்2டி64, லிப்ஓஎஸ்எஸ்4-சல்சா-ஏசவுண்ட்2.

அது என்ன டி64? நேரத்தை 32 பிட்டில் எண்ணும் புரோகிராம்களுக்கு 2038 ஜனவரி 19-ஆம் தேதிக்கு மேல் எண்ண இடமில்லை. அதனால் உபுண்டுவுக்கு அடிப்படையான டெபியனும், உபுண்டுவும், முக்கியமாக 32 பிட் ஏஆர்எம் மெஷின்களை மனதில் வைத்து, ஏராளமான லைப்ரரிகளை 64 பிட் நேரத்தோடு மறுபடி கம்பைல் செய்தன. பழையதும் புதியதும் கலந்துவிடக் கூடாது என்று பெயரோடு டி64 ஒட்டிக்கொண்டது. நம் 64 பிட் மெஷினில் நேரம் ஏற்கெனவே 64 பிட்தான், பெயர் மட்டும் மாறியது. 14 வருடம் முன்னதாகவே இந்த வேலையை முடித்துவைத்தவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே மரியாதை வருகிறது.

ஸ்கிரிப்டில் பெயரை லிப்ஏசவுண்ட்2டி64 என்று திருத்தியதும் எல்லாம் ஓடியது. சல்சாவை மட்டும் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள். அது ஓஎஸ்எஸ் என்ற பழைய ஒலி அமைப்புக்கானது, லினக்ஸின் வழக்கமான ஒலி அமைப்பான ஆல்சாவை நம்பியிருக்கும் சாதாரண மெஷினில் ஒலியே வராமல் போகலாம்.

உங்களுக்கு எந்தப் பேக்கேஜ் இப்படிப் படுத்தியது? எழுதுங்கள்.

மறுமொழி:

அண்ணா, எனக்கு வந்தது நீங்கள் சொன்ன முதல் வகை. பழைய தமிழ்ப் புத்தகங்களின் ஸ்கேன்களை டெசராக்ட் என்ற எழுத்துணரி மூலம் எழுத்தாக்க, டாக்கரில் (புரோகிராமைத் தனிப் பெட்டியில் ஓட்டும் கருவி) ஒரு அமைப்பு செய்துகொண்டிருந்தேன். எந்தப் பேக்கேஜைக் கேட்டாலும் 'அனேபிள் டு லொகேட்'. டெபியன், உபுண்டு டாக்கர் இமேஜ்களில் (அந்தப் பெட்டிக்கான தயார் அச்சுகள்) அளவைக் குறைக்க ஆப்ட் பட்டியல்களை அழித்துவிட்டுத்தான் தருகிறார்கள், அதனால் முதலில் ஆப்ட் அப்டேட் கட்டாயம். அதையும் இன்ஸ்டாலையும் டாக்கர்ஃபைலின் ஒரே ரன் வரியில் எழுதுங்கள். தனித்தனியாக இருந்தால் டாக்கர் பழைய பட்டியலைச் சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும், சில வாரம் கழித்து 404 (கோப்பு இல்லை என்ற பிழை) வரும்.

அப்புறம் தமிழ் வேலை செய்யவில்லை. டெசராக்ட்-ஓசிஆர் பேக்கேஜோடு மொழிகளில் ஆங்கிலத் தரவு மட்டுமே வருகிறது. தமிழுக்கு டெசராக்ட்-ஓசிஆர்-டாம் தனியாகப் போட வேண்டும். உபுண்டுவில் அது யுனிவர்ஸ் என்ற பேக்கேஜ் தொகுப்புப் பகுதியில் இருக்கிறது, அந்தப் பகுதி அணைந்திருந்தால் இதுவும் கிடைக்காது.

மறுமொழி:

இன்னொரு காரணமும் உண்டு. உறவினர் ஒருவரின் லேப்டாப்பில் உபுண்டு 23.10 இருந்தது. ஆப்ட் அப்டேட் கொடுத்தாலே வரிசையாக 404. இடைக்கால வெளியீடுகளுக்கு 9 மாதம்தான் ஆதரவு, 23.10-க்கு அது 2024 ஜூலையோடு முடிந்துவிட்டது. பிறகு பேக்கேஜ்களை ஓல்ட் ரிலீசஸ் சர்வருக்கு மாற்றிவிடுகிறார்கள். ஆப்ட் பேக்கேஜ்களைத் தேடும் சோர்ஸ் முகவரியை அங்கே திருப்பியதும் எல்லாம் கிடைத்தன, ஆனால் அங்கே பாதுகாப்புத் திருத்தங்கள் வராது. முதலில் அவருடைய கோப்புகளை எடுத்து வைத்தோம், பிறகு 24.04-க்கு ஏற்றினோம்.