ஷெம்துவில் இருந்தது முகாமா, கொட்டடியா?

நண்பர்களுக்கு வணக்கம்.

துனீசியாவின் ஷெம்துவில் (பழைய பெயர் சிமித்துஸ்) ரோமானியர்கள் மஞ்சள் சலவைக்கல் வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஆட்களைத் தங்கவைத்த வளாகத்தை நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் ‘வதைமுகாம்’ எனலாம் என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதுமே நாஜி ஜெர்மனி வந்து நின்றுவிடுகிறது. அதைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனால் அகழாய்வு சொல்லாததையும் நாமே சொன்னதாகிவிடும்.

வளாகத்தைச் சுற்றி மதில். உள்ளே ஒன்றையொன்று ஒட்டிய நீண்ட கூடங்கள். ஆளை அடைத்துக் காவல் வைக்க ஏற்ற அமைப்புதான். குற்றவாளிகளைக் கல் வெட்ட அனுப்புவது ரோமச் சட்டத்தில் ஒரு தண்டனை என்பதையும் சேர்த்தால் கைதிகள் என்ற ஊகம் வலுக்கிறது. ஆனால் அதே கட்டடம் பிற்பாடு பட்டறையாகியிருக்கிறது. கிண்ணம், தட்டு, சின்னச் சின்னச் சிலை எல்லாம் அங்கே செய்திருக்கிறார்கள். அதையும் வதைமுகாம் என்பதா?

எகிப்தின் கிழக்குப் பாலைவனத்தில் ரோமானியர்கள் கல் வெட்டிய இன்னோர் இடமான மோன்ஸ் கிளாடியானுஸையும் பாருங்கள். அங்கே கிடைத்த 9,000-க்கும் மேற்பட்ட, எழுத்துள்ள ஓட்டுச் சில்லுகளில் கூலிக் கணக்கும் உண்டு. தொழில் தெரிந்தவருக்கு மாதம் 47 திராக்மா (அக்கால நாணயம்)! அடிமைகள் என்று நாம் நினைத்திருந்த இடத்தில் சம்பளப் பட்டியல். சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் இதை எங்கே வைப்பது?

‘தொழிலாளர் முகாம்’ என்றாலோ நலவாரிய அட்டைக்குப் பெயர் பதியும் முகாம் மாதிரி இருக்கிறது.

என் பரிந்துரை ‘கற்கொட்டடி’. மாட்டுக் கொட்டடி, சிறைக் கொட்டடி என்று இரண்டும் நம் வழக்கில் உண்டு. அடைப்பு என்ற பொருள் வந்துவிடும்; உள்ளே யார், எதற்காக என்பது ஆய்வாளர் பாடு.

அப்புறம், ஷெம்து மலைமேல் இருப்பவற்றை ‘கோயில்கள்’ என்று எழுதியிருந்தீர்கள். உச்சியில் முதலில், ரோமானியருக்கு முன் அங்கே ஆண்ட நுமிடிய அரசர் காலத்துக் கட்டடம், பிறகு ரோமக் கடவுள் சாட்டர்னுக்குக் கோயில் (நம் சனீஸ்வரனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்), அதன் பிறகு தேவாலயம். அதுவரை சரி. சரிவில் பாறையிலேயே செதுக்கிய வேண்டுதல் சிற்பங்களுக்குச் சுவருமில்லை, கூரையுமில்லை. ‘வழிபாட்டிடம்’ போதும்.

வெட்டிய கல்லின் மேல் பேரரசர் பெயர், ஆண்டைக் குறிக்கும் கான்சல்களின் (ஆண்டுதோறும் மாறும் ரோம உயர் பதவியாளர்கள்) பெயர், வேலைக்குழு, வரிசை எண் என்று பொறித்திருப்பதைக் கல்வெட்டு என்றால் நம் வாசகர் கோயில் சுவரில் தானக் கணக்குத் தேடுவார். இது சரக்கு இருப்புக் கணக்கு. ‘கற்குறி’ எனலாம்.

*

ஐயா, கற்குறி அருமை. ஆனால் கற்கொட்டடி என்றால் கல்லால் கட்டிய கொட்டடி என்றல்லவா படிப்பார்கள்? ‘சுரங்கக் கொட்டடி’ என்று வைத்தால் என்ன?

*

நீங்கள் சொல்வது சரிதான், அம்மா. எனக்குத் தோன்றாமல் போயிற்று. ஆனால் சுரங்கம் என்றால் பூமிக்குள் குடைந்துகொண்டு போவது. ஷெம்துவில் மலையைத் திறந்தவெளியில் மேலிருந்து வெட்டி இறக்கியிருக்கிறார்கள். லாரி ஓட்டுநர் முதல் தாசில்தார் வரை சொல்லும் சொல் ஒன்று கையில் இருக்கும்போது ஏன் தயங்க வேண்டும்? ‘குவாரிக் கொட்டடி’ என்றே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். தனித்தமிழ் அன்பர்கள் திட்டினால் என்னைத் திட்டட்டும்.