ஃபைபர் காரில் பூசிய ஜெல்கோட் மூன்று நாளாகியும் காயவில்லை

கேள்வி – பாளையங்கோட்டையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம். என் தகப்பனார் வைத்திருந்த சிபானி டால்ஃபின் கார் பல ஆண்டுகளாகக் கொட்டகையில் கிடந்தது. இப்போது அதைச் சிறிது சிறிதாகச் சீர்செய்து வருகிறேன். அதன் உடல் தகரம் இல்லை, கண்ணாடியிழை என்பதால், வண்ணார்பேட்டைப் பக்கம் நான் அணுகிய இரண்டு டிங்கர்களும் தங்களுக்கு இந்த வேலை பழக்கமில்லை என்று சொல்லிவிட்டனர். முன் மட்கார்டில், விளக்குக்குக் கீழே உள்ள போல்ட்டைச் சுற்றி, உள்ளங்கை அகலத்துக்குச் சிலந்தி வலை போல விரிசல் ஓடியிருக்கிறது. கதவின் கீழ் விளிம்பில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சில்லு பெயர்ந்து, உள்ளிருக்கும் இழை தெரிகிறது. சில்லு பெயர்ந்த இடத்தில் மட்டும், ஜெல்கோட் என்ற மேற்பூச்சில் அதை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து பூசினேன். மூன்று நாளாகியும் விரலில் ஒட்டுகிறது. உப்புத்தாள் போட்டால் தாள்தான் அடைத்துக்கொள்கிறது. சரக்கு பழையதா, என் கலவை தவறா?

மறுமொழி – உவரிக் கடற்கரையிலிருந்து

நான் ஃபைபர் வள்ளங்களுக்கு ஒட்டு வேலை செய்கிறவன். நீங்கள் சொல்வது நாங்கள் தினமும் காணும் சங்கதிதான். ஜெல்கோட் என்பது நிறம் கலந்த பாலியெஸ்டர் ரெசின்; அது பெயின்ட் போல ஆவியாகிக் காய்வதில்லை, ஹார்டனர் பட்டு உள்ளுக்குள் இறுகுகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால் மேற்பரப்பில் மட்டும் அந்த இறுக்கம் தடைப்பட்டுவிடும். வள்ளம் கட்டும்போது அச்சில் முதலில் ஜெல்கோட்டைத்தான் அடிப்போம். அச்சைத் தொடும் முகம் கண்ணாடி போல இறுகிவிடும், நம்மைப் பார்க்கும் முகம் பிசுபிசுப்பாகவே இருக்கும், அடுத்து வைக்கும் மேட் (கண்ணாடியிழை விரிப்பு) அதில் நன்றாகப் பிடித்துக்கொள்ளட்டும் என்று அதை அப்படியே விடுவோம். நீங்கள் திறந்த வெளியில் பூசியதால் அந்தப் பிசுபிசுப்பு வெளிப்பக்கம் நின்றுவிட்டது.

முதலில் நகத்தால் அழுத்திப் பாருங்கள். அடியில் கல் போல இருந்து மேலே மட்டும் ஒட்டினால், அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் தேய்க்கத் தொடங்கலாம். நகம் பதிந்தால் ஹார்டனர் குறைந்திருக்கிறது என்று பொருள்; அதை முழுவதும் சுரண்டி எடுத்துவிடுவதே நல்லது, அதன்மேல் எதைப் பூசினாலும் நிற்காது. 100 கிராம் ஜெல்கோட்டுக்குச் சுமார் 2 மில்லி ஹார்டனர் என்பது பொதுவான கணக்கு. நம் ஊர் வெயிலில் சற்றுக் குறைக்கலாம், ஆனால் 1 மில்லிக்குக் கீழே போகக் கூடாது. சிறிய வேலைக்குச் சொட்டு எண்ணிக்கொண்டிருக்காமல் ஊசி இல்லாத சிரிஞ்சில் அளந்துகொள்ளுங்கள். பூசியதும் மேலே பாலித்தீன் தாளைக் குமிழி இல்லாமல் படியவைத்து ஓரங்களில் டேப் ஒட்டிவிடுங்கள். அல்லது கடைசிப் பூச்சில் மட்டும் மெழுகுக் கரைசல் சேருங்கள். இடைப்பட்ட பூச்சில் மெழுகு சேர்த்தால் அடுத்த பூச்சு உரிந்து வரும்.

ஹார்டனர் கண்ணில் தெறித்தால் பார்வையே போய்விடக்கூடும் என்பதால் கண்ணாடி அணியாமல் அந்தப் புட்டியைத் திறக்காதீர்கள். இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டைத் தனியாக வாங்கியிருந்தால், அதை முதலில் ரெசினில் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்டனரைச் சேர்க்க வேண்டும். இரண்டையும் நேராகக் கலந்தால் வெடிக்கும்.

மறுமொழி – வள்ளியூரிலிருந்து

மேலே அண்ணாச்சி சொன்னது சில்லுக்குச் சரியான வழி. எனக்கு மட்கார்டு விரிசல்தான் கவலையாக இருக்கிறது. ஜெல்கோட் அரை மில்லிமீட்டர் தடிமன்தான், அதற்கு வளையும் குணமில்லை. பின்னாலிருக்கும் இழைத் தகடு வளைந்தால் அது வெடித்துத்தான் தீரும். விரிசல்கள் போல்ட்டிலிருந்து புறப்படுகின்றன என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே யாரோ அளவுக்கு மீறி முடுக்கியிருக்கிறார்கள் அல்லது அகல வாஷர் போடவில்லை என்றே நினைக்கிறேன். மேலே மட்டும் பூசினால் ஆறு மாதத்தில் அதே வலை திரும்ப வரும். உட்புறத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள மேட்டில் இரண்டு அடுக்கு, இரண்டாவதைச் சற்றுப் பெரிதாக வெட்டி, பாலியெஸ்டர் ரெசினால் ஒட்டுங்கள். பிறகு வெளியே ஒவ்வொரு விரிசலையும் கூரிய முனையால் 'வி' வடிவில் திறந்து நிரப்புங்கள். முன்பு யாராவது எப்பாக்சி என்ற வேறு வகை ரெசினை வைத்து அடைத்திருந்தால் அதைச் சுரண்டிவிடுங்கள். அதன்மேல் ஜெல்கோட் பிடிக்காது.

இன்னொன்று, ஆனி ஆடிக் காற்றில் எங்கள் பக்கம் திறந்த வெளியில் இந்த வேலையைத் தொடவே முடியாது. பூசி முடிப்பதற்குள் மண் வந்து படிந்துவிடும்.

மறுமொழி – கேள்வி கேட்டவர்

நகம் பதியவில்லை, துடைத்துவிட்டு 400-ஆம் எண் தாளைத் தண்ணீரோடு போட்டதும் தேய்ந்தது. மட்கார்டைக் கழற்றிப் பார்த்தேன், வாஷரே இல்லை. போல்ட்டின் தலை இழைக்குள் ஒரு நூல் ஆழம் புதைந்திருந்தது. ஆனால் பூசிய இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளையாக, வேறு வண்டியின் கதவு போலத் தெரிகிறது.

மறுமொழி – உவரிக் கடற்கரையிலிருந்து

சுற்றியுள்ள பழைய பரப்பு வெளுத்து மங்கியிருக்கும். அதை முதலில் ரப்பிங் காம்பவுண்டால் தேய்த்து, உண்மையான நிறம் வந்த பிறகு அதற்கேற்ப ஜெல்கோட்டில் சாயம் சேருங்கள். தேய்க்கும் துணியில் நிறம் வந்தால் அது மேல் பெயின்டாகவும் இருக்கலாம் என்பதால், கதவின் உட்புற ஓரத்தில் சிறிது சுரண்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்டாக இருந்தால் ஜெல்கோட்டில் நிறம் தேடி அலைய வேண்டாம். சமமாகத் தேய்த்து பிரைமர் அடித்துவிடலாம். ஜெல்கோட்தான் என்றால், கலந்ததில் சிறிதளவை ஒரு டேப்பின் மேல் பூசி, இறுகிய பிறகு பகல் வெளிச்சத்தில் கதவோடு வைத்துப் பாருங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பி நான் ஒரு வள்ளத்தின் முகப்பையே இருமுறை பூசியிருக்கிறேன்.