சாட்டிலைட் நெட் இழுக்கிறதா? மெஷ் வாங்குவதற்கு முன் ஒரு கேபிள் போட்டுப் பாருங்கள்

சென்னையிலிருந்து கிளம்பிப் போகிற எல்லோருக்கும் சிட்னியோ டொரான்டோவோ வாய்ப்பதில்லை. ஆஸ்திரேலியாவின் 491 விசாவில் ஊர்ப்புறத்துக்குப் போன நர்ஸ், சின்ன டவுன் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்த டாக்டர், சுரங்கம் பக்கம் போன எஞ்சினியர் என்று பலருக்கு ஃபைபரே வராத வீடுதான் அமைகிறது. வேளச்சேரியில் ஃபைபர் வைத்துப் பழகியவர்களுக்குக் கூரையில் டிஷ் வைத்து நெட் எடுப்பது புதுசு. நான் பெருங்குடியில் நெட்வொர்க் வேலையில் இருப்பதால், சொந்தக்காரர்கள், பழைய ஆபீஸ் நண்பர்கள் என்று யார் கூப்பிட்டாலும் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, வீட்டுக்குப் பேசினா வீடியோ நின்னு நின்னு வருது, எந்த மெஷ் வாங்கட்டும்?"

மெஷ் என்பது வைஃபையை வீடு முழுக்கப் பரப்ப ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற இரண்டு மூன்று பெட்டிகள். எதையும் வாங்காதீர்கள். முதலில் கோளாறு எங்கே என்று பாருங்கள். வானத்திலா, வீட்டுக்குள்ளா, சென்னைப் பக்கமா? இதைப் பிரித்துப் பார்க்காமல் போடுகிற ஒவ்வொரு டாலரும் குருட்டாம்போக்குதான்.

உங்கள் கூரையில் இருப்பது எந்த வகை என்பதே பலருக்குத் தெரிவதில்லை, அதை முதலில் கேட்டு வையுங்கள். ஆஸ்திரேலியாவின் ஸ்கை மஸ்டர், அமெரிக்காவின் ஹியூஸ்நெட் போன்றவை பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிற சாட்டிலைட்டை நம்பி ஓடுபவை. நீங்கள் கேட்பது மேலே போய் கீழே வந்து, பதில் மறுபடி மேலே போய் கீழே வருவதற்குள் வெளிச்சத்தின் வேகத்திலேயே அரை செகண்ட் போய்விடும், நடைமுறையில் 600 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். அதை எந்த ரவுட்டராலும் குறைக்க முடியாது. கடைக்காரர் என்ன சொன்னாலும் சரி. ஸ்டார்லிங்கின் சாட்டிலைட்டுகள் சுமார் 500 கிலோமீட்டர் உயரத்திலேயே ஓடுவதால் அதன் தாமதம் சாதாரணமாக 25 முதல் 60 மில்லி செகண்டுக்குள் இருக்கும். முதல் வகை வைத்திருப்பவர்கள் போனில் பேசும்போது எதிராளி முடிக்கிறவரை பொறுத்துப் பேசப் பழகிக்கொள்ளுங்கள். வேறு வழியில்லை. இன்னொன்று, அந்த வகையில் ஆபீஸ் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குப் போகிற பூட்டிய பாதை) போட்டால் வேகம் படுத்துவிடும், ஏனென்றால் தாமதத்தை மறைக்க கம்பெனிகள் நடுவில் செய்கிற வித்தையெல்லாம் விபிஎன்னுக்குள் மூடிக்கிடக்கிற டேட்டாவில் பலிக்காது. வீட்டிலிருந்து வேலை என்று ஒப்புக்கொள்வதற்கு முன் இதை யோசியுங்கள். கீழே சொல்வதில் பெரும்பகுதி ஸ்டார்லிங்க் வகைக்கு. வீட்டுக்குள் நடப்பது மட்டும் இரண்டுக்கும் பொது.

சரி, சோதனை. ஒரு லேப்டாப்பை ரவுட்டரில் கேபிள் போட்டு மாட்டுங்கள். ஸ்டார்லிங்கின் மூன்றாம் தலைமுறை ரவுட்டரில் இரண்டு ஈதர்நெட் போர்ட் இருக்கும். இரண்டாம் தலைமுறையில் ஒன்றுகூடக் கிடையாது, அடாப்டர் தனியாக வாங்கவேண்டும். வைஃபையை அணைத்துவிட்டு அரை மணி நேரம் வேலை பாருங்கள், அம்மாவுக்கு ஒரு வீடியோ கால் போடுங்கள். கேபிளில் நன்றாக வந்து படுக்கையறையில் வராவிட்டால் சாட்டிலைட்மேல் குற்றம் இல்லை, உங்கள் வைஃபைதான். கேபிளிலேயே நின்று நின்று வந்தால் மெஷ் வாங்கி ஒரு பிரயோஜனமும் இல்லை. கேபிளுக்கு வழியில்லையென்றால் ஸ்டார்லிங்க் ஆப்பிலேயே போனிலிருந்து ரவுட்டர்வரை ஒரு வேகம், ரவுட்டரிலிருந்து இன்டர்நெட்வரை ஒரு வேகம் என்று பிரித்துக் காட்டும். இல்லையா, 192.168.1.1 என்கிற ரவுட்டர் முகவரிக்கு லேப்டாப்பிலிருந்து வைஃபையில் பிங் (பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கிற கட்டளை) கொடுத்துப் பாருங்கள். சில மில்லி செகண்டில் பதில் வரவேண்டும். அங்கேயே 80, 100 என்று ஏறி இறங்கினால் வானத்தைப் பார்ப்பதற்கு வேலையே இல்லை.

வானத்தில்தான் கோளாறு என்றால் முக்கால்வாசி நேரம் மரம்தான். டிவிக்கு வைக்கிற டிஷ் ஒரே ஒரு சாட்டிலைட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும். ஸ்டார்லிங்குக்கு அப்படியில்லை, சாட்டிலைட்டுகள் ஓடிக்கொண்டே இருப்பதால் எதனுடன் பேசுவது என்பது 15 செகண்டுக்கு ஒரு தரம் மாற்றிப் போடப்படுகிறது, அகலமான வானம் வேண்டும். ஒரு யூகலிப்டஸ் கிளை ஓரமாக நீட்டிக்கொண்டிருந்தால் ஸ்பீட் டெஸ்ட் அழகாக வரும், ஆனால் வீடியோ கால் மட்டும் அவ்வப்போது சில செகண்ட் செத்துப் பிழைக்கும். ஆப்பில் தடை பார்க்கிற வசதி இருக்கிறது, போன் கேமராவை வானத்தில் சுற்றிக் காட்டச் சொல்லும். டிஷ்ஷை நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் இரண்டு மூன்று இடத்தில் வைத்து அதைச் செய்துவிடுங்கள். பொதுவாக கனடா, அமெரிக்கா பக்கம் டிஷ் வடக்கே சாயும், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் தெற்கே, அதனால் அந்தத் திசை திறந்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. கனடா, அமெரிக்காவில் குளிர்காலத்தில் குடியேறியவர்கள் கவனியுங்கள், இலை உதிர்ந்த மரத்தைப் பார்த்து இடம் முடிவு செய்தால் ஜூனில் தெரியும் சேதி. வாடகை வீட்டில் கூரையில் ஓட்டை போடுவதற்கு முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள், மழை ஒழுகினால் அட்வான்ஸ் போய்விடும். முற்றம் திறந்திருந்தால் தரையிலேயே வைக்கலாம், அதில் ஒரு குறையும் இல்லை.

கனமழையில் கொஞ்ச நேரம் நிற்கும். இந்த அலைவரிசையை தண்ணீர் உறிஞ்சிவிடும், காத்திருக்க வேண்டியதுதான். பனி விழுந்தால் டிஷ் தானே சூடாகி உருக்கிக்கொள்ளும், மண்வெட்டியால் சுரண்டப் போகாதீர்கள்.

இனி வீட்டுக்குள். நம் ஊரில் எல்லாம் கான்கிரீட், பக்கத்து ரூமுக்கே சிக்னல் மூச்சு வாங்கும். கனடா, அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் மரச்சட்டமும் ஜிப்சம் போர்டும், அதை வைஃபை சுலபமாகத் தாண்டும். அங்கே தகராறு செய்வது வேறு: அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன், பேஸ்மென்ட்டில் ஓடுகிற தகரக் குழாய்கள், ஆஸ்திரேலியாவில் ஷெட்டுக்கும் கூரைக்கும் போடுகிற தகடு. பின்பக்க ஷெட்டை ஆபீஸாக்கிக்கொண்டு, ஹால் ரவுட்டரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று சொன்னால் எப்படி வரும்? தகடு போட்ட ஷெட்டுக்குக் கேபிள்தான்.

பாதிப் பேர் வீட்டில் டிஷ் கேபிள் உள்ளே நுழைகிற மூலையில், கராஜிலோ வாஷிங் மெஷின் பக்கத்திலோ, ரவுட்டர் கிடக்கிறது. அதை எடுத்து வீட்டின் நடுவில், தரையிலிருந்து மேலே, டிவிக்குப் பின்னால் இல்லாமல் வையுங்கள். இதற்குக் காசு கிடையாது, அதனாலேயே யாரும் செய்வதில்லை என்று நினைக்கிறேன். அப்படியும் பெரிய வீட்டில் போதவில்லை என்றால்தான் மெஷ். அதிலும் இரண்டாவது பெட்டியை சிக்னலே இல்லாத அறையில் வைப்பார்கள், தப்பு. அதற்கே சிக்னல் கிடைக்காதபோது உங்களுக்கு எதைக் கொடுக்கும்? பாதி வழியில் வையுங்கள். கம்பியில்லாமல் ஒரே ரேடியோவில் வாங்கி அதே ரேடியோவில் அனுப்புகிற மெஷ்ஷில் வேகம் பாதியாகும், முடிந்தால் இரண்டு பெட்டிக்கும் நடுவில் கேபிள் இழுத்துவிடுங்கள். வட அமெரிக்காவில் பழைய வீடு என்றால் அறைக்கு அறை கேபிள் டிவி சாக்கெட் இருக்கும், அதிலேயே மோக்கா அடாப்டர் (டிவி கேபிள் வழியாகவே நெட்டை அனுப்புகிற பெட்டி) ஜோடியாக மாட்டினால் சுவரை உடைக்காமல் நல்ல வேகம் கிடைக்கும். ஆனால் அதே லைனில் சாட்டிலைட் டிவி ஓடினால் இரண்டும் மோதிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவில் சுவருக்குள் நெட்வொர்க் கேபிள் போட பதிவு பெற்ற கேபிளர்தான் வரவேண்டும், சட்டமே அப்படி. சுவரோரமாகத் தரையில் ஒரு ரெடிமேட் கேபிள் ஓட்டிக்கொள்வதற்கு யாரையும் கேட்க வேண்டாம்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்-6 நெட்வொர்க் கேபிள் மலிவாக இருக்கிறதே, வாங்கி அனுப்பட்டுமா என்று அப்பாக்கள் கேட்கிறார்கள். சுத்தச் செம்பு என்றால் அனுப்பட்டும். அலுமினியத்தின்மேல் செம்பு பூசியதும் அதே பெயரில் விற்கிறது, அது வேண்டாம். கேபிள் முனையில் பிளக் மாட்டுகிற கிரிம்பிங் டூல் வாங்கிக்கொண்டு போகலாம், அது உண்மையிலேயே உபயோகம். ரவுட்டரை மட்டும் போகிற ஊரிலேயே வாங்குங்கள், வைஃபை சேனல்களும் பவர் வரம்பும் நாட்டுக்கு நாடு மாறும்.

வைஃபை சரி, வானம் சரி, இருந்தும் வீடியோ கால் இழுக்கிறது என்றால் அப்லோடைப் பாருங்கள். வீடியோ காலுக்கு 2, 3 எம்பிபிஎஸ் போதும். ஆனால் சாட்டிலைட்டில் அப்லோட் எப்போதும் ஒல்லி. வளைகாப்பில் எடுத்த வீடியோ எல்லாம் கூகுள் போட்டோஸில் ஏறிக்கொண்டிருந்தால், உங்கள் குரல் அந்த வரிசைக்குப் பின்னால் நின்று கொண்டிருக்கும். போன் பேக்கப்பை ராத்திரிக்கு மாற்றுங்கள், பாதிப் பிரச்சினை அங்கேயே முடியும். மீதிக்கு எஸ்கியூஎம் (பெரிய அப்லோட் வரிசையில் குரல் மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற வசதி) இருக்கிற ரவுட்டர் வேண்டும், ஓபன்டபிள்யூஆர்டி என்கிற இலவச ரவுட்டர் சாஃப்ட்வேர் போட முடிகிற எதுவும் சரி. அதில் வேக வரம்பை வைக்கும்போது விளம்பர வேகத்தையும் போடாதீர்கள், காலையில் வந்த நல்ல வேகத்தையும் போடாதீர்கள். சாயங்காலக் கூட்ட நேரத்தில் கிடைக்கிற எண்ணில் ஒரு 85 சதவீதம் போடுங்கள். கொஞ்சம் வேகம் குறையும், வீடியோ கால் நடுவில் நிற்காது. சொந்த ரவுட்டர் மாட்டினால் ஸ்டார்லிங்க் ரவுட்டரை பைபாஸில் (அதன் ரவுட்டர் வேலையை நிறுத்திவைக்கிற அமைப்பு) போட்டுவிடுங்கள், இரண்டு ரவுட்டரும் சேர்ந்து குழப்ப வேண்டாம். திரும்பப் பழையபடி ஆக்க ஃபேக்டரி ரீசெட் செய்யவேண்டியிருக்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும்.

நேரக் கணக்கும் இருக்கிறது. சென்னையில் காலை 7 மணிக்கு காபியோடு அப்பா கூப்பிடும்போது டொரான்டோவில் முந்தின ராத்திரி எட்டரை, கோடையில் ஒன்பதரை. ஊரே படம் பார்க்கிற நேரம், உங்கள் பகுதியில் சாட்டிலைட்டைப் பங்கு போடுகிறவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அதையே சென்னை ராத்திரி 8 மணிக்கு மாற்றினால் அங்கே காலை, கூட்டம் இல்லை. சிட்னிக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு, சென்னைக் காலை அங்கே மதியம்.

அப்புறம் சென்னைப் பக்கம். உங்கள் வீட்டில் எல்லாம் சரிசெய்துவிட்டு, மாம்பலத்தில் அம்மா சமையலறையில் நின்று பேசினால், ஹாலில் டிவி அலமாரிக்குள் இருக்கிற ரவுட்டர் இரண்டு கான்கிரீட் சுவரைத் தாண்ட வேண்டும். யாரைத் திட்டுவது? அம்மாவை மொபைல் டேட்டாவில் ஒருமுறை பேசச் சொல்லுங்கள். தெளிவாக வந்தால் கோளாறு அங்கே. பக்கத்து வீட்டுத் தம்பியை விட்டு ரவுட்டரை வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து உங்கள் வீட்டு கேமராவைப் பார்க்க ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வருகிற வாசல்) திறக்கலாம் என்று யூடியூபில் பார்த்துவிட்டு மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். சாதாரண ஸ்டார்லிங்க் திட்டத்தில் பல வீடுகளுக்கு ஒரே பொது ஐபி (இன்டர்நெட் முகவரி), ரவுட்டருக்கு வருவது 100.64 மாதிரி ஆரம்பிக்கிற உள் முகவரி, அதனால் வெளியிலிருந்து நேராக உள்ளே வரமுடியாது. இரண்டு பக்கத்தையும் பாதுகாப்பாக இணைக்கிற டெயில்ஸ்கேல் ஆப் போட்டால் வேலை முடிந்தது. நான் இங்கிருந்து அங்கே இருக்கிற ரவுட்டர்களைப் பார்ப்பதும் அப்படித்தான்.

கரண்ட் போனால்? சென்னையில் ரவுட்டருக்கு வைக்கிற 12 வோல்ட் குட்டி யுபிஎஸ்ஸை பெட்டியில் வைத்துக் கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்டாண்டர்ட் டிஷ் சராசரியாக 75 முதல் 100 வாட் இழுக்கும், பனி உருக்கும்போது இன்னும் அதிகம், அது தாங்காது. பெரிய பேட்டரி பெட்டி வேண்டும், அந்த ஊரிலேயே வாங்குங்கள். லீவுக்கு வரும்போது டிஷ்ஷை இங்கே தூக்கிக்கொண்டும் வராதீர்கள். ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் உரிமம் கிடைத்ததே 2025 ஜூனில்தான், வெளிநாட்டுக் கணக்கில் வாங்கிய கருவியோடு ஏர்போர்ட் கஸ்டம்ஸில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிவரும்.