‘ரீகாம்பினன்ட் என்சைம்’: திங்களுக்குள் ஒரு சொல் வேண்டும்

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து, கல்லூரி ஆசிரியை:

குழுவினர்க்கு வணக்கம்.

உயிர்த்தொழில்நுட்பச் செய்முறைக் கையேடு திங்கள் காலை அச்சுக்குப் போகிறது. ஒரே ஒரு சொல் உறுத்துகிறது. ‘ரீகாம்பினன்ட் என்சைம்’ என்பதற்குப் போன ஆண்டுப் படியில் ‘மறுசேர்க்கை நொதி’ என்று போட்டிருந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, ‘டி.என்.ஏ. துண்டுகளை மறுபடி சேர்க்கும் நொதி’ என்று தேர்வில் விளக்கம் எழுதினாள். சிவப்பு மையால் அடித்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. செரிமான நொதி செரிக்க வைக்கிறது என்றால், மறுசேர்க்கை நொதி சேர்க்கத்தானே செய்யும்? அந்த வேலைக்கென்றே ரீகாம்பினேஸ் என்று வேறு நொதிகளும் இருக்கின்றன. மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். பிழை அவளுடையதன்று, என் சொல்லுடையது.

நாங்கள் குறிப்பது, குளிர்பெட்டியில் மைனஸ் 20 பாகையில் இருக்கும் டாக் பாலிமரேஸ் (டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி) போன்றவற்றை. 1969இல் அறிவிக்கப்பட்ட தெர்மஸ் அக்வாட்டிகஸ் என்ற வெந்நீர் ஊற்றுப் பாக்டீரியாவின் நொதி அது. ஆனால் குப்பியில் இருப்பது ஊற்றிலிருந்து வந்ததில்லை. அந்த நொதிக்கான மரபணுவை வேறொரு டி.என்.ஏ.வோடு சேர்த்து, ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்து வளர்த்து எடுத்தது. உடைத்த செல்சாற்றை 75 பாகைக்குச் சூடாக்கினால் ஈ.கோலையின் புரதங்களில் பெரும்பாலானவை திரிந்து படிந்துவிடும். வெந்நீரில் பிறந்தது மட்டும் தெளிவில் நிற்கும். பாதிக்குப் பாதி கிளிசரால் சேர்த்திருப்பதால் உறையாது. பிப்பெட் முனையில் பாகு மாதிரி தொங்கும். ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று குப்பியில் ஒட்டியிருக்கும். இது சேர்க்கும் நொதியில்லை. சேர்த்ததால் கிடைத்த நொதி. என்ன சொல்லலாம்?

மேலூரிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, மாணவியை வாழ்த்துகிறேன். பொற்குடம் பொன்னால் ஆன குடம். தயிர்க்குடம் தயிரால் ஆனதா? தயிரை உடையது. உருபும் பயனும் தொக்கு நிற்கும்போது எது மறைந்திருக்கிறது என்பதை வழக்குத்தான் காட்டும். ‘மறுசேர் நொதி’ என்று வினைத்தொகை ஆக்கினாலும் தப்பிக்க முடியாது. கொல்களிறு கொல்லும், குடிநீர் குடிக்குமா? குடிக்கப்படும். நீர் குடிக்காது என்று நமக்குத் தெரிவதால் மயக்கமில்லை. நொதியோ இயல்பிலேயே வினைசெய்வது. அதற்கு முன்னால் எதைப் போட்டாலும் அதன் தொழிலாகவே படிக்கப்படும்.

என் பரிந்துரை ‘நொதுமல் நொதி’. அகப்பாடலில் நொதுமலர் என்றால் அயலார். தலைவியைப் பெண்கேட்டு அவர்கள் வருவது நொதுமலர் வரைவு. அயல் உடலில் விளையும் நொதிக்கு இதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? நொதியும் நொதுமலும் ஒரே வேரில் கிளைத்தவை என்பது என் துணிபு. புளித்த மாவு பழைய மாவுக்கு அயலாகிவிடுகிறது அல்லவா? நொசிவு, நொய்ம்மை இவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விரிவாக நாளை எழுதுகிறேன்.

நத்தத்திலிருந்து, மாந்தோப்புக்காரர்:

ஐயா, கோவிச்சுக்காதீங்க. நொதுமல்னா அகராதியைப் புரட்டணும். எங்க ஊர்ல நாட்டு மாங்கன்று வேர்ல செந்தூரத்தை ஒட்டுக்கட்டுறோம். வேர் ஒண்ணோடது, பழம் இன்னொண்ணோடது. அக்கா சொல்ற ஈ.கோலை கதையும் அதுதானே? ஒட்டுமாம்பழம்னா ‘ஒட்டுற பழம்’னு சின்னப் புள்ளகூட நெனைக்காது. ‘ஒட்டுநொதி’ன்னு வைங்க.

யாழ்ப்பாணத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

தம்பி, உவமை அழகு. ஆனால் மாம்பழம் ஒன்றையும் ஒட்டாது, நொதி ஒட்டும். லிகேஸ் என்ற நொதியின் வேலையே டி.என்.ஏ. முனைகளை ஒட்டுவதுதான். அதே கையேட்டில் அதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? தவிர, ஒட்டுக்கன்றில் வேரின் மரபணுவும் கிளையின் மரபணுவும் தனித்தனியேதான் இருக்கின்றன. இங்கே ஒரே டி.என்.ஏ. இழையில் கோத்திருக்கிறது. எங்கட பாடப்புத்தகங்களில் ‘நொதியம்’ என்றுதான் வரும். அதையும் ஒருக்கால் யோசியுங்கோ.

நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து:

ஞாயிறு இரவு பத்து மணி. தனிமடலில் வந்தவற்றையும் சேர்த்தால் ஐந்து பேர் ‘மறுசேர்ப்புவழி நொதி’ என்கிறார்கள். ‘வழி’ இருப்பதால் அது நொதியின் தொழிலைச் சொல்லவில்லை, வந்த விதத்தைச் சொல்கிறது. நீளம்தான். கரும்பலகையில் எழுதிப் பார்த்தேன், ஒரே வரியில் அடங்குகிறது. அதையே போடுகிறேன். நத்தம் தம்பியின் ஒட்டுக்கன்றை விளக்கப் பெட்டியில் சேர்க்கிறேன், யாழ்ப்பாணத்து அக்கா சொன்ன வேறுபாட்டோடு. ‘நொதியம்’ இந்தப் பதிப்பில் இல்லை.

மேலூரிலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன் அம்மா, உடன்படவில்லை. ‘தாய்வழிப் பாட்டி’யில் வழி மரபைக் குறிக்கும், ‘கடல்வழிப் பயணம்’ என்றால் பாதை. உங்கள் ‘வழி’ எது? அந்த மாணவியிடம் கேட்டு எழுதுங்கள்.