சளி உடம்பு என்றே நம்பிக்கொண்டிருந்தோம்

முடிச்சூரிலிருந்து:

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வீட்டுக்குள் முழங்கால் வரை தண்ணீர். மூன்றாம் நாள்தான் வடிந்தது. அரசு கொடுத்த 6,000 ரூபாயில் ஒரு மெத்தையும் மளிகையும் வாங்கிப் போட்டுவிட்டு, கழுவித் துடைத்து மறுபடி குடியேறினோம். சுவர் குடித்த தண்ணீரை யாருமே நினைக்கவில்லை.

பொங்கல் முடிந்து பீரோவை நகர்த்தினால், பின்சுவர் முழுக்கக் கடுகை வாரி இறைத்த மாதிரி கறுப்புப் புள்ளிகள். நனைந்த சாக்கை மூடிவைத்தது போல வாடை. ஓனரிடம் சொன்னேன். "ஜன்னலைத் திறந்து வைங்கம்மா, துணியை உள்ளே காயப்போடாதீங்க" என்றார். நாங்களே பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, 9,500 ரூபாய்க்குப் பெயின்ட் அடித்தோம். இரண்டே மாதத்தில் பெயின்ட் உப்பி, அதே இடத்தில் அதே புள்ளி.

பையனுக்கு நாலு வயது. ராத்திரி இரண்டு மணிக்கு இருமல் பிடித்தால் விடியும்வரை விடாது. ஒருநாள் சட்டையைக் கழற்றிப் பார்க்கிறேன், ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறது. ஆட்டோ பிடித்து ஓடினோம், நெபுலைசர் வைத்தார்கள். அப்புறம் மாதம் இரண்டு முறை அதே ஓட்டம். "அவன் தாத்தா மாதிரியே சளி உடம்பு" என்றார் மாமியார். நானும் நம்பி, அவன் ஆசையாய்ச் சாப்பிடும் தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்தினேன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

மே மாதம் அம்மா வீட்டுக்கு, சங்கரன்கோவில் போனோம். நாலாம் நாள் இருமல் நின்றது. ஐஸ் சாப்பிட்டான், பம்புசெட்டில் ஆட்டம் போட்டான், ஒன்றும் ஆகவில்லை. திரும்பி வந்த இரண்டாம் ராத்திரியே நெஞ்சில் விசில் சத்தம். இதைச் சொன்னதும்தான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "வீட்டில் ஓதம் இருக்கா?" என்று கேட்டார். பூஞ்சைத் துகள் எல்லோரையும் ஒரே மாதிரி பாதிக்காது, ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும், மருந்து தருகிறேன், ஆனால் அந்த வீட்டில் இருக்காதீர்கள் என்றார்.

நான் வீட்டிலேயே தையல். தைக்க வந்த பட்டுப்புடவை ஒன்றின் மடிப்பில் வெள்ளை வெள்ளையாகப் பூத்து, கறையாகவே நின்றுவிட்டது. 7,200 ரூபாய் கொடுத்தேன். பணத்தைவிட, அந்தம்மா தெருவில் நாலு பேரிடம் சொன்னதில் ஆர்டர் நின்றதுதான் அடி. கணக்கு நோட்டில் கூட்டிப் பார்த்தேன்: டாக்டர், மருந்து 38,000, நெபுலைசர் மெஷின் 1,900, பெயின்ட், புடவை, வீடு மாற்றிய வண்டி 6,500, "சுவரை நாசம் பண்ணிட்டீங்க" என்று அட்வான்ஸில் பிடித்த 15,000. மொத்தம் 78,100. வராமல் போன தையல் கூலி இதில் சேராது.

நாகர்கோவிலிலிருந்து:

அக்கா, நான் கொத்தனார். பிளீச்சிங் பவுடர் மேலே இருக்கும் கறுப்பை வெளுக்கும், அவ்வளவுதான். பூச்சுக்குள் ஈரம் இருக்கிறவரை பூஞ்சை திரும்ப வரும். அதன்மேல் பெயின்ட் அடிப்பது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற மாதிரி. வெள்ளத்தில் ஊறிய பூச்சைத் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலேயும் கொஞ்சம் சேர்த்துக் கொத்தியெடுத்து, செங்கல் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பூசணும். அது ஓனர் செய்ய வேண்டிய வேலை, உங்களுடையது இல்லை. காய்ந்ததா என்று பார்க்க, ஒரு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒருநாள் விடுங்கள். சுவரைத் தொடும் பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள். வெளிப்பக்கம் கோத்தால் அறைக் காற்றில்.

லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து:

இங்கே வெள்ளமே வேண்டாம். குளிர்காலத்தில் பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவைத்தாலே மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும் குளிர்ந்த சுவரில் படிந்து கறுக்கும். எங்களுக்கும் "ஜன்னலைத் திற" என்ற பதில்தான். ராச்டேல் என்ற ஊரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை 2020 டிசம்பரில் இறந்தான். அவன் அப்பா 2017-லேயே புகார் சொல்லியிருக்கிறார், வீட்டை விட்ட நிர்வாகம் பெயின்ட் அடிக்கச் சொன்னதாம். வீட்டுப் பூஞ்சைதான் காரணம் என்று 2022-ல் விசாரணையில் உறுதியானது. அவன் பெயரிலேயே சட்டம் வந்து, 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தில் நகராட்சியும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்கு விடும் சமூக வீட்டுவசதி வீடுகளில், உடல்நலத்துக்கோ பாதுகாப்புக்கோ உடனடியான பெரிய ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஒரு பிள்ளை போனபிறகு வந்த சட்டம். சகோதரி, உங்கள் பையன் தப்பித்தான், அதுவே பெரிது.

மீண்டும் முடிச்சூர்க்காரி:

இப்போது பெருங்களத்தூரில் மாடி வீடு, வாடகை 3,000 கூடுதல். தம்பி சொன்னபடி பாலிதீன் ஒட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் காய்ந்தே இருக்கிறது. டாக்டர் மருந்தைக் குறைத்திருக்கிறார். பாக்கி ஜாக்கெட்டுகளைக் கொடுக்கப் பழைய தெருவுக்குப் போயிருந்தேன். எங்கள் வீட்டில் புதுப் பெயின்ட் அடித்து டு-லெட் போர்டு மாட்டியிருந்தார்கள். கைக்குழந்தையோடு ஒரு ஜோடி பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போய், பீரோ இருந்த இடத்தைக் கையால் தொட்டுக் காட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தேன்.